கோளாறு என்ற கட்டத்தில் எழுதியது

எப்போதும் எனக்கு முன்னால் நின்று பேசிய என் அக்காவுக்கு,

பெட்டி பாடுகிறது.

இதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று அத்தான் சொல்லிவிட்டார். நான் வழக்கம்போல நலம் விசாரித்து, வானிலை சொல்லி, பிறகு மெல்ல விஷயத்துக்கு வரலாம் என்றிருந்தேன். "அவளுக்குப் பொறுமை கெடையாது மச்சான். மொதல்ல ரிசல்ட்ட சொல்லு, அப்புறம் கதைய சொல்லு" என்றார். ஆகவே சொல்லிவிட்டேன். இப்போது பிற்பகல் நாலரை மணி. கிள்ளான் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு மணிக்குப் போட்ட பெட்டி இன்னும் நிற்கவில்லை. அத்தான் நாற்காலிக் கைப்பிடியில் தாளம் போடுகிறார். பாதி தப்பு. திருத்துவதற்குத்தான் நீ இல்லை.

இதை நம் தாமானில், இந்தக் குடியிருப்பில், வெளியிடும் மலரில் போடச் சொன்னதும் அவர்தான். "அவளுக்குத்தான் எழுது, ஆனா நாலு பேர் படிக்கட்டும். இதே மாதிரி ஒரு பெட்டிய வச்சிக்கிட்டு எத்தன பேர் வாய மூடிக்கிட்டு உக்காந்திருக்கானோ" என்கிறார். படிக்கிறவர்களுக்காக, உனக்குத் தெரிந்த சிலதையும் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

சர்க்கரை நோயில் அத்தானுக்குக் கண் போன பிறகு, பாட்டுதான் அவருக்குக் கடிகாரம். காலையில் நாதஸ்வரம் என்றால் பசியாற நேரம், செய்தி என்றால் மதியச் சாப்பாடு, பழைய படப் பாட்டு என்றால் வெயில் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்காகத்தான் நீ என்னையும் அழைத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் கடைக்குப் போனாய். ரேடியோவும் ஒலிபெருக்கியும் ஒன்றாய்ச் சேர்ந்த கறுப்புப் பெட்டிகள் அங்கே வரிசையாய் இருந்தன. நீ விலையைப் பார்க்கவில்லை, பெயரைப் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒவ்வொரு பெட்டியின் குமிழையும் திருகிப் பார்த்தாய். கடைக்காரர் பயந்துபோய், "ஆன்டி, தலை சுத்துதா? நாற்காலி போடட்டா?" என்று கேட்டார். "சும்மா இரு தம்பி, குருடியா இருந்து பாக்கறேன்" என்றாய். ஐந்தாவது பெட்டியின் குமிழ் உன் கைக்குப் பிடித்தது.

வீட்டுக்கு வந்ததும் அத்தானுக்குப் பிடித்த அளவு ஒலியை வைத்துவிட்டு, குமிழின் விளிம்பில் ஒரு சின்னத் துண்டு பிளாஸ்டரைக் கிழித்து ஒட்டினாய். ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, வேலை பார்த்தே தலை நரைத்த உன் கைக்கு, பிளாஸ்டர் வெட்டக் கத்தரிக்கோல் வேண்டியதில்லை. அத்தானின் கட்டைவிரல் அந்தச் சொரசொரப்பைத் தொட்டால் போதும், சரியான அளவு வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வார். உத்தரவாத அட்டையையும் ரசீதின் நகலையும் பிஸ்கட் டின்னில் போட்டாய். "ரெண்டு வருஷம் வாரண்டி. நான் இல்லாட்டியும் நீ பாத்துக்கணும், குணா. அவருக்குப் பாட்டு நிக்கக் கூடாது" என்றாய்.

சரி என்றேன். அதற்கு எட்டு மாதம் கழித்து நீ போய்விட்டாய். நான் பிரிக்பீல்ட்ஸ் ஃபிளாட்டைப் பூட்டிவிட்டு, வெப்பமானியும் நோட்டுப் புத்தகங்களுமாக இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

நீ போய்ப் பத்து மாதம் ஆனபோது பாட்டு நின்றது.

ஒரு மத்தியானம் பாடிக்கொண்டே இருந்த பெட்டி பாதி வரியில் வாயை மூடிக்கொண்டது. விளக்கு எரிகிறது, ஒலி மட்டும் இல்லை. அணைத்துவிட்டுச் சாயங்காலம் போட்டால் ஒன்றும் நடக்காததுபோல் பாடுகிறது. மறுநாள் மத்தியானம் மறுபடியும் அதே கதை. நான் என்ன செய்திருப்பேன் என்று உனக்குத் தெரியுமே. என்னைத்தான் சந்தேகப்பட்டேன். தூசி தட்டியபோது எதையாவது அசைத்துவிட்டேனோ? செருகியைச் சரியாகச் செருகவில்லையோ? நான்கு நாள் அதை நினைத்தே கழித்துவிட்டு, செராஸில் இருக்கும் பழுதுபார்ப்பு நிலையத்துக்குப் பெட்டியை எடுத்துப் போனேன்.

அங்கே முகப்பில் இருந்தவர் புவனா, நாற்பது நாற்பத்தைந்து வயதுப் பெண். நல்லவர், குரல் மட்டும் அவசரம். ஒரு படிவம் கொடுத்தார். அதில் மலாயில் 'கெரோசாக்கான்' என்று ஒரு கட்டம். கோளாறு என்ன என்பதை அங்கே எழுத வேண்டும். நான் அழகான கையெழுத்தில் மலாயிலேயே எழுதினேன்: சில சமயம் ஒலி நின்றுவிடுகிறது. எழுதி முடித்ததும் கட்டத்தில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. அந்த இடத்தில், மரியாதைக்காக, இன்னும் மூன்று சொல் சேர்த்தேன். முங்கின் சலா சாயா. ஒருவேளை என் தவறாக இருக்கலாம்.

யாரும் என்னைக் கேட்கவில்லை, அக்கா. கட்டத்தில் இடம் இருந்தது, அவ்வளவுதான்.

"ரெண்டு வாரம் லா, அங்கிள். ஃபோன் பண்றோம்" என்றார் புவனா. ஐந்து வாரம் ஆனது. திங்கள்தோறும் காலை பத்து மணிக்கு நான் கூப்பிடுவேன். க்யூவில் இருக்கிறது என்பார்கள். தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். மூன்றாவது திங்கள் அத்தான் கேட்டார்: "நீ பெட்டிய கேட்டியா, இல்ல பெட்டிய குடுத்ததுக்கு மன்னிப்பு கேட்டியா?"

ஐந்து வாரம் கழித்துப் பெட்டி வந்தது. கோளாறு எதுவும் காணப்படவில்லை என்று தாளில் எழுதியிருந்தது. அந்த வாரம் முழுக்க மழை, பெட்டியும் ஒழுங்காய்ப் பாடியது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, சும்மா இருந்தவர்களைச் சிரமப்படுத்திவிட்டோமே என்று. மழை விட்ட மறுநாள் பாட்டு நின்றது.

இரண்டாவது முறை கொடுத்தேன். பன்னிரண்டு வாரம். அந்தப் பன்னிரண்டு வாரத்தைப் பற்றி உனக்கு எழுதத் தயங்குகிறேன். என்னிடம் இருந்த கைக்கடக்கமான சின்ன ரேடியோவை அத்தான் பக்கத்தில் வைத்தேன். "தகர டப்பாக்குள்ள கொசு பாடற மாதிரி இருக்கு" என்று அணைத்துவிட்டார். பிறகு நேரம் கேட்பதை நிறுத்தினார். காலை பத்து மணிக்குச் சோறு கேட்டார், மத்தியானம் படுக்கப் போகிறேன் என்றார். அதற்கும் பிறகு ஒன்றும் கேட்காமல் ஆனார். நான் தட்டை வைத்தால் சாப்பிடுவார், எடுத்தால் விட்டுவிடுவார். அத்தான் வாய் ஓயாமல் பேசுகிற மனிதர் என்று நீ எத்தனை முறை சலித்துக்கொண்டிருப்பாய்? அந்தச் சலிப்பைக் கடன் வாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

பெட்டியை எடுக்கப் போன அன்று புவனா கணினித் திரையை என் பக்கம் திருப்பினார்.

"ஃபால்ட் இல்லன்னு மறுபடியும் வந்திருக்கு, அங்கிள். இன்னொண்ணு. இதுல நீங்களே எழுதியிருக்கீங்களே, முங்கின் சலா சாயான்னு. அத பாத்துட்டு யூசர் ஹேண்ட்லிங், நீங்க கையாண்டதுலதான் தப்புன்னு போட்டுட்டாங்க. இனிமே இந்தக் கம்ப்ளெய்ண்டுக்கு வாரண்டி எடுக்காது லா."

"அது நான் சும்மா, ஒரு மரியாதைக்கு எழுதினதும்மா."

"மரியாதைக்குன்னு சிஸ்டத்துல ஒரு கட்டம் இல்லையே, அங்கிள்."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னார். நானும் சரிம்மா, நன்றிம்மா என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் பெட்டியை அதன் இடத்தில் வைத்தேன். அத்தான் எழுந்து வந்தார். கை நீட்டிக் குமிழைத் தேடிப் பிடித்தார். கட்டைவிரல் குமிழின் விளிம்பைச் சுற்றி ஒரு முறை போனது. மறுபடியும் ஒரு முறை. மூன்றாவது முறை மிக மெதுவாக.

"மச்சான், இது நம்ம பெட்டிதானா?"

"நம்ம பெட்டிதான், அத்தான்."

"அவ வச்ச ஒட்டு இல்லையே."

பார்த்தேன். பெட்டி பளபளவென்று இருந்தது. துடைத்துச் சுத்தம் செய்து கொடுத்திருக்கிறார்கள். பசை இருந்த தடம்கூட இல்லாமல் உன் பிளாஸ்டரை உரித்து எடுத்திருக்கிறார்கள். கோளாறைக் கண்டுபிடிக்கத் தெரியாதவர்களுக்கு அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்திருக்கிறது.

அத்தான் நாற்காலிக்குத் திரும்பிப் போனார். அன்றைக்கு எனக்கு வந்தது கோபம் என்று அடையாளம் தெரிந்துகொள்ளவே கொஞ்ச நேரம் ஆனது. பழக்கம் இல்லை பார். முதலில் இரத்த அழுத்தம் என்று நினைத்து மாத்திரை டப்பாவைத் தேடினேன்.

கோபம் வந்தால் நீ பேசுவாய். எனக்குப் பேச வராது, பதிந்து வைக்கத்தான் வரும். வானிலை நிலையத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் மணிக்கு மணி வெப்பமானி படித்து எழுதியவன் நான். எனக்குத் தெரிந்த ஒரே சண்டை அதுதான். ஓய்வு பெற்றபோது கொடுத்த பழைய பாதரச வெப்பமானியைப் பெட்டியின் தலைமேல் வைத்தேன். புதிய நோட்டில் கோடு போட்டேன். போட்ட நேரம், கூடத்தின் வெப்பம், பெட்டியின் வெப்பம், ஒலியின் அளவு, நின்ற நேரம். பதினோரு நாள் எழுதினேன்.

நான்காம் நாள் அத்தான் தானாகவே வாயைத் திறந்தார். "நிக்கறதுக்கு மின்னாடி உள்ள ஒரு டிக் கேக்குது. உனக்குக் கேக்கலயா?" எனக்குக் கேட்கவில்லை. என் காதின் லட்சணம் உனக்குத் தெரியும். அவருக்கு ஒவ்வொரு நாளும் கேட்டது. அதையும் ஒரு பத்தியாகச் சேர்த்தேன். அதற்குப் பிறகு, பெட்டியைப் போட்டவுடன் அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார். நேரம் கேட்க ஆரம்பித்தார். "எத்தன நிமிஷம் ஆச்சு மச்சான்? விட்டுடாத, எழுது" என்பார். கெட்டுப்போன பெட்டியே அவரைக் கொஞ்சம் எழுப்பிவிட்டது என்று சொன்னால் நீ சிரிப்பாய்.

பதினோராம் நாள் நோட்டைப் பார்த்தேன். சின்னக் குழந்தைக்கும் விளங்கும் கணக்கு. எந்தப் பாட்டு என்பதில் ஒன்றும் இல்லை, ஒலியின் அளவிலும் இல்லை. எல்லாம் சூட்டில் இருந்தது. கூடம் முப்பத்து மூன்று டிகிரி இருந்த நாட்களில் ஐம்பத்திரண்டு நிமிடத்தில் நிற்கிறது. மழை பெய்து முப்பதுக்கு இறங்கினால் எழுபத்தொரு நிமிடம் தாங்குகிறது. பழுதுபார்ப்பு நிலையத்தில் குளிர்சாதன அறையில் வைத்துப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்தால் தீபாவளி வரைக்கும் பாடும். அவர்கள் எழுதியது பொய்யில்லை. அவர்கள் கேட்ட பத்து நிமிடத்தில் கோளாறு உண்மையிலேயே இல்லை.

பிஸ்கட் டின்னைத் திறந்து அட்டையைப் பார்த்தேன். உத்தரவாதம் முடிய ஒன்பது நாள்.

"நானும் வரேன்" என்றார் அத்தான்.

"உங்களுக்கு எதுக்கு அத்தான் சிரமம், ரயில், டாக்சின்னு."

"அந்த டிக்க நீ கேப்பியா? உனக்குக் காது மந்தம், எனக்குக் கண்ணு இல்ல. உங்கக்கா என்ன சொல்லுவா? ரெண்டு பேரையும் சேர்த்தா ஒரு ஆள் தேறும்னு சொல்லுவா இல்ல? தேறுதான்னு பாத்துருவோம்."

நீ பாசாருக்கு, காய்கறிச் சந்தைக்கு, இழுத்துப் போகிற தள்ளுவண்டியில் பெட்டியை வைத்து, துண்டால் சுற்றிக் கட்டி, கிள்ளான் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். அத்தான் ஒரு கையில் கோலும், மறுகையில் என் தோளுமாக வந்தார். வழி நெடுக நான் பேச வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், கோலாலம்பூர் போய்ச் சேர்வதற்குள் மூன்று முறை திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். தோளில் அவர் கை இருந்ததால் முடியவில்லை.

புவனா எங்களைப் பார்த்ததுமே பெருமூச்சு விட்டார். "அங்கிள், நான்தான் சொன்னேனே."

"புவனாம்மா, நான் எழுதினது தப்பு."

"பரவால்ல அங்கிள், ஆனா சிஸ்டத்துல மாத்த முடியாது."

"இல்லம்மா. என் தப்புன்னு எழுதினேன் பாருங்க, அதுதான் தப்பு. கோளாறு பெட்டியில இருக்கு. அத்தாட்சி இருக்கு."

நோட்டைப் பிரித்து வைத்தேன். அவர் பக்கங்களைப் புரட்டினார். முதலில் வேகமாக, பிறகு கொஞ்சம் நிதானமாக. "என்ன அங்கிள் இது, ஆஸ்பத்திரியில கட்டில் கால்ல தொங்கவிடற சார்ட் மாதிரி இருக்கு."

"அவன் அக்கா மிஸ்ஸி" என்றார் அத்தான், எல்லாவற்றுக்கும் அதுவே விளக்கம் என்பதுபோல.

"சரி, வச்சிட்டுப் போங்க. டெக்னிஷியன்கிட்ட குடுக்கறேன். ஃபோன் பண்றோம்."

அக்கா, என் கால் பழக்கத்தில் வாசல் பக்கம் திரும்பிவிட்டது. அந்தக் கணத்தில் எனக்கு இரண்டாம் வகுப்பு ஞாபகம் வந்தது. புதிதாக வந்த வாத்தியார் பெயர் கூப்பிட, நான் சொன்ன பதில் அவருக்குக் கேட்காமல், மூன்று நாள் வராதவன் என்று குறித்துவிட்டார். நான் அவர் எதிரிலேயேதான் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குக் கடிதம் வந்தது. மறுநாள் நீ உன் வகுப்பை விட்டு எங்கள் வகுப்புக்குள் வந்து நின்றாய். "சார், இவன் இங்கதான் இருக்கான். வாய மட்டும் வீட்டுல வச்சிட்டு வந்துட்டான்" என்றாய். வகுப்பே சிரித்தது. அதன் பிறகு வாத்தியார் என்னைப் பார்த்துவிட்டுத்தான் குறித்தார்.

"இல்லம்மா" என்றேன். "நான் இங்கதான் இருப்பேன்."

புவனா நிமிர்ந்து பார்த்தார். "எவ்ளோ நேரம் அங்கிள்?"

"ஒரு மணி நேரம். ஆனா இங்க ஏர்கான் இருக்கு, இங்க நிக்காது. பின்னால சாமான் அறை மாதிரி, காத்து வராத எடம் ஏதாச்சும் இருக்கா?"

"ஸ்டோர் இருக்கு. அங்க உக்கார முடியாது அங்கிள், வேர்த்துக் கொட்டிரும்."

"அதுதாம்மா வேணும்."

உள்ளே போய்த் தொழில்நுட்பர் லியோங்கை அழைத்து வந்தார். ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்திருந்தார். நோட்டை வாங்கி, நின்றபடியே பதினோரு நாளையும் படித்தார். வெப்பம் எதில் அளந்தீர்கள் என்று மலாயில் கேட்டார். சட்டைப் பையிலிருந்து வெப்பமானியை எடுத்துக் காட்டினேன். அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "போலே" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டார். சம்மதித்துவிட்டார்.

ஸ்டோரில் பழைய அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே மூன்று முக்காலி போட்டோம். ஒன்றில் ரேடியோவை வைத்துப் போட்டேன். அத்தான் காதைச் சாய்த்துக்கொண்டார். நான் கைக்கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டேன். லியோங் சுவரில் சாய்ந்தபடி, பொட்டலமாக வாங்கி வந்த மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டார். புவனா இடையிடையே கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் பாடுதா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

நாற்பது நிமிடம். ஐம்பது. ஐம்பத்திரண்டு வந்தது. பெட்டி பாடியது.

ஐம்பத்து மூன்று. ஐம்பத்து நான்கு. லியோங் கடிகாரத்தைப் பார்த்தார், முகத்தில் ஒன்றும் இல்லை. புவனா கதவருகே நின்று, "ஓக்கேயாதான இருக்கு, அங்கிள்" என்று மெல்லச் சொன்னார். அந்த மென்மைதான் என்னைக் கொன்றது. எனக்குள் அந்த மூன்று சொல் எழுந்து தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வாயைத் திறந்தேன். அத்தான் கை என் முழங்காலை இறுக்கியது. அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்றுவரை தெரியவில்லை.

"வாயத் தொறக்காத. வெப்பத்த பாரு" என்றார்.

பார்த்தேன். முப்பத்திரண்டு. எங்கள் கூடத்தைவிட ஒரு டிகிரி குறைச்சல். நோட்டைப் புரட்டினேன். ஒரு டிகிரிக்கு ஆறு நிமிடம் போல வித்தியாசம். என் கணக்கில் பிசகில்லை, இடம்தான் வேறு.

"இன்னும் நாலு நிமிஷம் குடுங்க" என்றேன். என் குரல்தான் அது. கெஞ்சலாகக்கூட இல்லை. "ஐம்பத்தெட்டுல நிக்கும்."

ஐம்பத்தெட்டாவது நிமிடம் ஓடிக்கொண்டிருந்தபோது அத்தான் ஒரு விரலை உயர்த்தினார். "டிக்."

பாட்டு நின்றது.

அப்படி ஒரு நிசப்தத்தை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை, அக்கா. ஒரு பொருள் கெட்டுப்போனதற்காக மூன்று வயதானவர்களும் ஒரு பெண்ணும் சந்தோஷப்பட்டது அந்த ஸ்டோரில் மட்டும்தான் நடந்திருக்கும். புவனா வாயைப் பொத்திக்கொண்டார். அத்தான் வயிறு குலுங்கச் சிரித்தார். நீ போன பிறகு அந்தச் சிரிப்பை அன்றுதான் கேட்டேன். நானும் சிரித்தேனா என்று எனக்கு நினைவில்லை. சிரித்தேன் என்று அத்தான் சாட்சி சொல்கிறார்.

லியோங் சிரிக்கவில்லை. அணைக்க வேண்டாம், சூடு ஆறுவதற்குள் பார்க்க வேண்டும் என்று சொல்லி, அங்கேயே தரையில் மண்டியிட்டு மூடியைக் கழற்றினார். திருப்புளியின் பிளாஸ்டிக் பிடியால் உள்ளே இங்கும் அங்கும் தட்டினார். ஓரிடத்தில் தட்டியதும் பாட்டு வந்தது, மறுபடி தட்டியதும் போனது. பூதக்கண்ணாடி வைத்து எனக்கும் காட்டினார். ஸ்பீக்கருக்கு ஒலியைத் திறந்துவிடுகிற ஒரு சின்னப் பாகத்தின் அடியில், ஈயப் பற்று தலைமுடி அளவுக்கு விரிந்திருந்தது. சூடேறினால் விலகும், ஆறினால் சேரும். சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். பாகத்தையே புதிதாக மாற்றினால் அரை மணி நேரம் என்றார். பிறகு, "மாஆஃப், அங்கிள்" என்றார். மன்னிப்பு. மன்னிப்பை வாங்குகிற பக்கத்தில் நின்று எனக்குப் பழக்கமே இல்லையே.

புவனா புதிய படிவம் ஒன்றைக் கொண்டுவந்து, பழைய குறிப்பு செல்லாது என்று கோடு போட லியோங்கிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு அந்தக் கட்டத்தைக் காட்டி, "நீங்களே எழுதுங்க அங்கிள். இந்தத் தடவ பாத்து எழுதுங்க" என்றார். எழுதினேன். எத்தனை டிகிரியில், எத்தனையாவது நிமிடத்தில், எந்தச் சத்தத்துக்குப் பிறகு ஒலி நிற்கிறது, எங்கே விரிசல் இருக்கிறது, எத்தனை நாள் பதிவு இருக்கிறது என்று எழுதினேன். கட்டம் போதவில்லை. "பின்பக்கம் எழுதுங்க" என்றார். பின்பக்கமும் எழுதினேன். மிச்சம் இடம் இருந்தது. விட்டுவிட்டேன்.

அதற்குள் லியோங் பாகத்தை மாற்றிக் கொடுத்த பெட்டியைத் தள்ளுவண்டியில் கட்டிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் வந்து வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டோம். நடைபாதையில் பதித்த மஞ்சள் கட்டங்களை அத்தான் கோலால் தட்டித் தட்டித் தானே வழி கண்டுபிடித்து நடந்தார். நான் பின்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். ரசம் இரண்டாவது முறை கேட்டு வாங்கினார். பரிமாறிய பெண்ணிடம் முழுக் கதையையும் சொன்னார், எண்பத்தைந்து நிமிடம் காத்திருந்ததாக. நான் திருத்தவில்லை.

ரயிலில் திரும்பி வரும்போதுதான் அவரிடம் அதைக் கேட்டேன். உன்னிடம் கேட்டிருக்க வேண்டியது. இரவில் நீ போவதற்கு முன், அன்று சாயங்காலம் எனக்கு ஃபோன் செய்து, தோள் வலிக்கிறது, களைப்பாக இருக்கிறது என்றாய். ஓய்வெடு, காலையில் வருகிறேன் என்றேன். காலையில் வந்தேன். நான் அன்றே வந்திருந்தால்? இந்த ஒன்றே கால் வருடமும் எனக்குள் ஒரு படிவம் விரிந்தே கிடந்தது, அக்கா. அதில் இருந்த ஒரே கட்டத்தில் அந்த மூன்று சொல்லை எழுதி வைத்திருந்தேன்.

அத்தான் சன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். "அவ மிஸ்ஸி. நெஞ்சு வலி என்னன்னு ஊருக்கே சொல்லிக் குடுத்தவ. அவளுக்கே தெரியல. பக்கத்துல படுத்திருந்த எனக்கும் தெரியல. கிள்ளானுக்கு ரயில் ஏறி வந்து நீ என்னத்த கண்டுபிடிச்சிருப்ப? அந்தக் கட்டத்துல உன் பேர போட்டுக்காத, மச்சான். போட்டா என் பேரயும் போடணும்."

அப்படித்தானா, அக்கா? நீ இருந்தால் இதைவிடக் கடுமையாகத் திட்டியிருப்பாய் என்று நினைக்கிறேன். திட்டியிருப்பாய் அல்லவா?

வீட்டுக்கு வந்து பெட்டியைப் போட்டோம். அத்தான் குமிழைப் பிடித்து மெல்லத் திருகினார். ஒலி ஏறியது, இறங்கியது, ஓரிடத்தில் நின்றது. "இங்கதான்" என்றார். உன் மருந்துப் பையில் அந்தப் பிளாஸ்டர் சுருள் இன்னும் இருக்கிறது. எனக்குக் கையால் கிழிக்க வராது, கத்தரிக்கோலால்தான் வெட்டினேன். சற்றுக் கோணல். அத்தான் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அவ வச்சது இன்னும் கொஞ்சம் நீளம்" என்றார். பிறகு கையை எடுக்கவே இல்லை.

நேற்று புவனா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். அவர்கள் படிவம் மாறியிருக்கிறது. கோளாறு என்ற கட்டத்துக்குக் கீழே புதிதாக இரண்டு வரி: எத்தனை நிமிடம் கழித்து? எந்த இடத்தில், எவ்வளவு சூட்டில்? "உங்க கட்டம் சிஸ்டத்துல வந்துருச்சு அங்கிள்" என்று எழுதியிருந்தார். இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

உனக்கு நான் வாக்குக் கொடுக்கிறேன். பிளாஸ்டர் தேய்ந்தால் அதே இடத்தில் புதியது ஒட்டுவேன். உத்தரவாதம் முடிந்துவிட்டாலும் அத்தானுக்குப் பாட்டு நிற்காது, நோட்டும் வெப்பமானியும் லியோங்கின் எண்ணும் என்னிடம் இருக்கின்றன. கோளாறு என்ற கட்டத்தில் இனிக் கோளாறை மட்டும் எழுதுவேன். யாராவது என் பெயரைக் கூப்பிட்டால், அவர்களுக்குக் கேட்கும்படி பதில் சொல்வேன்.

அத்தான் கேட்கிறார், எழுதி முடித்துவிட்டாயா என்று. மணி ஐந்தேகால். பழைய படப் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

இங்கேதான் இருக்கிற உன் தம்பி,
குணசேகரன்